நாலு ஓவர் பாக்கி

வாங்கு தாயி. யார் வேண்டாம்னு சொன்னாலும் வாங்கு. நின்னுக்கிட்டே கேட்காத, அந்த மாவுச் சட்டியை அங்கிட்டுத் தள்ளிட்டு உட்காரு. மாடிக்குக் குடிவந்து இத்தனை நாளாச்சு, இன்னைக்குத்தான் எங்க வீட்டு வாசப்படியை மிதிச்சிருக்க. சரி, வந்ததும் வந்த, சரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்க. டிவியில ஓடுறதைப் பதிஞ்சு வச்சு, நமக்கு ஒழிஞ்ச நேரத்துல போட்டுப் பார்க்குற பெட்டியைப் பத்தி இந்த மானாமதுரையில என்னைவிட அனுபவப்பட்டவ கிடையாது. பட்டவன்னா, ரெண்டு விதமாவும் பட்டவ.

உன் வீட்டுக்காரர் என்ன சொல்றாரு? போன்லயே பார்த்துக்கங்கிறாரா? எல்லாரும் அதைத்தான் சொல்லுவாக. உள்ளங்கை அகலத்துல என்னாத்தைப் பார்க்குறது. ஜவுளிக்கடையில நாள் பூராம் நின்னுட்டு வர்ற பிள்ளை, காலை நீட்டி உட்கார்ந்து பெரிய திரையில ஒரு சீரியல் பார்க்கணும்னு ஆசைப்பட்டா அது ஒரு குத்தமா? ஏழரைக்கு அது இங்க ஓடும்போது நீ அங்க கவுண்டர்ல நின்னு சேலையை மடிச்சுக்கிட்டிருக்க. அவருக்கு அது எப்படிப் புரியும்? ஆம்பளைக வீட்டுக்கு வர்ற நேரத்துக்குத்தான் டிவியில நல்லதெல்லாம் ஓடும். நமக்கு, நம்ம வேலை நேரமாப் பார்த்து ஓடும்.

எனக்குச் சீரியல் ஆகாது. எனக்குக் கிரிக்கெட்டு. சிரி, சிரி. எல்லாரும் சிரிச்சவுகதான்.

கல்யாணமாகி வந்த புதுசுல எங்க வீட்டு நடுக்கூடத்துல ஒரு டிவி இருந்துச்சு. மேட்ச் அன்னைக்கு எங்க வீட்டுக்காரரோட சேக்காளிக எல்லாம் வந்து உட்கார்ந்துருவாக. நான் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கொடுத்துட்டு கதவு ஓரமா நிப்பேன். நின்னு நின்னு கத்துக்கிட்டதுதான். யாரும் சொல்லிக் கொடுக்கலை. எவன் எப்படிப் போட்டா எவன் எப்படி அடிப்பான்னு ஒரு கட்டத்துல எனக்கே தெரிய ஆரம்பிச்சுச்சு. அப்புறம் இந்த சாயங்காலக் கடையை வாசல்ல போட்டோம். இட்லி, கல் தோசை, பணியாரம். கடை நல்லா ஓடுச்சு, குறை சொல்ல மாட்டேன். ஆனா கடை திறந்திருக்கிற நேரமும் மேட்ச் நடக்குற நேரமும் ஒண்ணாப் போச்சு. நான் வாசல்ல கல்லுக்கு முன்னாடி வேர்த்து வடிஞ்சுக்கிட்டு நிக்கேன், உள்ள "ஹோ"ன்னு சத்தம். தோசையைத் திருப்பிக்கிட்டே "யாருங்க அவுட்டு"ன்னு கேட்பேன். உள்ளருந்து பதிலே வராது. விளம்பரம் போட்டப்புறம் அவுக எந்திரிச்சு வந்து, "என்னமோ கேட்டியே"ம்பாக. நான் கேட்டதுக்கும் அவுக வந்ததுக்கும் நடுவுல ரெண்டு விக்கெட் போயிருக்கும். இப்படியே எத்தனை சீசன். சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு எத்தனை மேட்ச்.

ஒருநாள் டிஷ் மாட்டுற பையன் ஒருத்தன் பணியாரம் சாப்பிட வந்தான். அவன்தான் சொன்னான், அக்கா, இப்ப ரெக்கார்டர் பெட்டின்னு ஒண்ணு வந்திருக்கு, நீங்க கடையில இருங்க, அது பாட்டுக்குப் பதிஞ்சு வைக்கும், மறுநாள் போட்டுப் பாருங்கன்னு. எனக்குக் கையில கரண்டி ஓடலை. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

அவுககிட்ட சொன்னேன். அவுகன்னா எங்க வீட்டுக்காரர்தான், பேரு வெள்ளைச்சாமி. பார்த்திருப்பியே, சந்துக்குள்ள ஒரு குட்டியானை வண்டி நிக்குமே, செங்கல் ஏத்துறது, அது எங்களோடதுதான். அவுக அதிகம் பேசமாட்டாக. "முடிஞ்ச மேட்ச்சை என்னாத்துக்குப் பார்க்கணும்"ன்னாக. "உங்களுக்குத்தானே முடிஞ்சது, எனக்கு இன்னும் ஆரம்பிக்கலையே"ன்னேன். அவுக வண்டிச் சாவியை எடுத்துக்கிட்டு வெளிய போய் நின்னாக.

கடைக்குப் போனோம். இதை நல்லாக் கேட்டுக்க, உனக்கு இதுதான் உதவும். அந்தக் கடைக்காரப் பையன் ஒரு வார்த்தை என்கிட்ட பேசலை. எல்லாம் அவுக மூஞ்சியைப் பார்த்துத்தான்.

"சார், வீட்டுல அம்மா சீரியல் பதியுறதுக்குன்னா இந்தச் சின்னதே போதும் சார். பின்னாடி பென் டிரைவ் சொருகிக்கலாம்."

நான் கேட்டேன். "இதுல ஒரு சேனல் பதியும்போது இன்னொரு சேனல் பார்க்க முடியுமா தம்பி?"

அவன் அவுகளைப் பார்த்துச் சொல்றான். "எது ஓடுதோ அதுதான் சார் பதியும்."

"அப்ப நான் மேட்ச் பதியப் போட்டா இவுக செய்தி பார்க்கணும்னு மாத்துவாக, என் மேட்ச் போயிரும். அது வேண்டாம். உள்ளேயே டிஸ்க் வச்சது இருக்குல்ல, அதை எடு."

"அது பெருசு சார்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"சாதாரணமாப் பதிஞ்சா நிறைய தாங்கும் சார். எச்டியில பதிஞ்சா சீக்கிரம் ரொம்பிரும். சீரியலுக்கு அவ்வளவு எதுக்கு சார்?"

"சீரியல்னு யாருப்பா சொன்னா?"ன்னேன்.

அதுக்கப்புறம்தான் என் மூஞ்சியைப் பார்த்தான். அவுக அந்தப் பக்கம் திரும்பி மின்விசிறியைப் பார்த்துக்கிட்டிருந்தாக. என் கடைக் காசு, என் கையால எடுத்துக் கொடுத்தேன். அதனால நீ வாங்கும்போது நீயே போ. நீயே கேளு. ரெண்டு சேனல் ஒரே நேரத்துல எடுக்குமான்னு கேளு. பதியுறதுக்கு மாசா மாசம் தனிக் காசு புடிக்கிறானான்னு கேளு, அதைத் தானா சொல்லமாட்டான்.

முக்கியமான ஒண்ணு. முடியுற நேரத்தை இழுத்து வை. எனக்கு முதல் மேட்ச்லயே அடி விழுந்துச்சு. பெட்டியில என்ன நேரம் போட்டிருந்தானோ அந்த நேரத்துக்கு அது டக்குன்னு நின்னுபோச்சு. மேட்ச் முடியலை. கடைசி ஓவர். பந்தைப் போட ஓடி வாரான், திரை கறுப்பாப் போச்சு. அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாக, தெருவே பார்த்த மேட்ச். நான் கேட்கலை. ஏன் கேட்கணும்? அப்புறம் பெட்டி எதுக்கு? அந்த மேட்ச்ல யார் ஜெயிச்சான்னு இன்னைவரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன். நீ பாட்டுக்கு போன்ல தேடிச் சொல்லிறாத.

அன்னையிலிருந்து முடிவு நேரத்துக்கு மேல ஒரு மணி நேரம் சேர்த்துப் போடுறேன். கரண்ட் போனாலும் பதியுறது நின்னுருதுன்னு இன்வெர்ட்டர் போட்டேன்.

பெட்டி கிடக்கட்டும், அது ஒழுங்காத்தான் இருந்துச்சு. மனுசங்கதான் ஒழுங்கா இல்ல. மறுநாள் வேலையெல்லாம் முடிச்சு நான் உட்காருறதுக்குள்ள ஊர் பூராம் ஸ்கோரைச் சொல்லிக்கிட்டே திரியும். கடைக்கு வர்றவன் ஒரு கையில தட்டு, ஒரு கையில போனு. "அக்கா, ரெண்டு தோசை, அய்யோ போயிட்டான்"ம்பான். யார் போயிட்டான், எங்க போயிட்டான், அதெல்லாம் என் காதுல விழுகணுமா? ஒரு சிலேட்டை வாங்கி, "இங்கே ஸ்கோர் பேசுபவர்களுக்கு இட்லி கிடையாது"ன்னு எழுதி வாசல்ல மாட்டினேன். பாதிப்பேரு சிரிச்சாக. பாதிப்பேரு ரயில்வே கேட்டுப் பக்கத்துல இருக்கிற தள்ளுவண்டிக்குப் போயிட்டாக. போகட்டும். என் சட்னிக்கு வர்றவன் வாயை மூடிக்கிட்டு வருவான்.

இதுல பெரிய எதிரி எங்க அண்ணன். கூடப்பிறந்தவர் இல்ல, எங்க வீட்டுக்காரர் தங்கச்சி பஞ்சவர்ணத்தோட புருசன், கோட்டைச்சாமின்னு பேரு. சிவகங்கை ரோட்டுல எலெக்ட்ரிக்கல் கடை வச்சிருக்காரு. முறைக்கு எனக்கு அண்ணன், அதனால அண்ணன்னு கூப்பிடுவேன், அவ்வளவுதான். அவரு சிலேட்டைப் படிப்பாரு. படிச்சிட்டு ஸ்கோர் பேசமாட்டாரு. "தங்கச்சி, ஆறு இட்லி வைம்மா"ன்னு ஒரு மாதிரி ராகம் போட்டுச் சொல்லுவாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "இன்னொரு ஆறு." மனுசன் பன்னெண்டு இட்லி திங்கிற ஆளா? யாரோ சிக்ஸர் அடிச்சிருக்கான்னு எனக்குப் புரியுற மாதிரிச் சொல்றது. ஒருநாள் தட்டைப் புடுங்கிட்டேன். வீட்டு மாப்பிள்ளையைப் பட்டினியா அனுப்பிட்டான்னு பஞ்சவர்ணம் ஒரு மாசம் பேசலை. நிம்மதியா இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரரை மட்டும் நல்லாப் பழக்கிட்டேன். அதுல எனக்குப் பெருமைதான். முதல்ல கஷ்டமா இருந்துச்சு. அவுக வாயைத் திறக்கமாட்டாக, ஆனா மூஞ்சி சொல்லிரும். நம்ம டீம் தோத்தா மறுநாள் காலையில டீ குடிக்கிற தினுசே வேற. அதனால ஒரு சட்டம் போட்டேன். மேட்ச் முடிஞ்ச மறுநாள், நான் அதைப் பார்த்து முடிக்கிற வரைக்கும் என்கிட்ட பேசக்கூடாது. எதுவும் பேசக்கூடாது. ஸ்கோர் மட்டும் பேசாதீங்கன்னு சொன்னா, அதை விட்டு மத்ததைப் பேசும்போது குரல்ல தெரிஞ்சுபோகும். அதனால மொத்தமா வேண்டாம். அவுக சரின்னாக. காலையில எந்திரிச்சு, டீயைத் தானே போட்டுக் குடிச்சிட்டு, சுவரைப் பார்த்துக்கிட்டே வண்டிச் சாவியை எடுத்துக்கிட்டுப் போயிருவாக. எந்தப் புருசன் செய்வான் சொல்லு. உன் வீட்டுக்காரர் செய்வாரா?

போன சீசன்ல கடைசிக் கட்டம் வந்துச்சு. இதுல ஜெயிச்சாத்தான் ஃபைனல். நம்ம மஞ்சச் சட்டைக்காரங்க. அன்னைக்குன்னு கடையில கூட்டம், நான் காதுல பஞ்சை வச்சுக்கிட்டு வேலை பார்த்தேன். அவுக வண்டியை விட்டுட்டு சீக்கிரமே வந்துட்டாக. வந்தவுக டிவியைப் போடலை. "அலுப்பா இருக்கு ராக்கு"ன்னு போய்ப் படுத்துட்டாக. என் பேரு முத்துராக்கு, அவுக ராக்கும்பாக. எனக்கு ஒரே சந்தோஷம். இன்னைக்கு மேட்ச் பார்க்கலைன்னா நாளைக்கு மூஞ்சியில ஒண்ணுமே இருக்காதுல்ல.

மறுநாள் அரிசியை ஊறப்போட்டு, வீட்டைக் கூட்டி, போனை அணைச்சு வச்சு, வாசக்கதவைச் சாத்திட்டு உட்கார்ந்தேன். போட்டேன். என்னா மேட்ச்சு தாயி. அவனுக முதல்ல ஆடி அடிச்சு வச்சிட்டானுக, நம்ம ஆளுக விரட்டுறாங்க. பாதி ஆட்டத்துல அவுக வந்து அந்தா அந்த நிலைப்படியில நின்னாக. வண்டிக்குப் போகலையான்னு எனக்கு ஒரு யோசனை. ஆனா பேசினா சட்டத்தை நானே மீறின மாதிரி ஆயிரும்.

அவுகதான் பேசுனாக. "ராக்கு, ஒண்ணு சொல்லணும்."

நான் திரும்பலை. "மேட்ச் முடியட்டும்"னேன்.

அவுக இடது தோளைக் கையால அமுக்கிவிட்டுக்கிட்டு நின்னது ஓரக்கண்ணுல தெரிஞ்சுச்சு. ஸ்டியரிங் புடிக்கிற தோளு, வலிக்கத்தான் செய்யும். "சரி"ன்னாக. பானையில தண்ணி மோந்து குடிச்ச சத்தம் கேட்டுச்சு. போயிட்டாக.

போனவுக நேரா கோட்டைச்சாமி அண்ணன் கடைக்கு நடந்து போயிருக்காக. அங்க ஸ்டூல்ல உட்கார்ந்து, "மாப்ளே, நெஞ்சை என்னமோ பண்ணுது"ன்னு சொல்லியிருக்காக. வேர்த்துச் சட்டை தொப்பலா நனைஞ்சிருந்துச்சாம். அண்ணன் கடையை அப்படியே போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாரு. அதைச் செஞ்சாரு, இல்லைங்கலை.

எனக்கு எதுவும் தெரியாது. நாலு ஓவர் பாக்கி இருக்கு. ஜெயிக்கவும் வாய்ப்பிருக்கு, தோக்கவும் வாய்ப்பிருக்கு. அப்பப் பார்த்து யாரோ கதவைத் தட்டுறாங்க. எந்திரிக்கலை. சுத்தி வந்து ஜன்னல்ல நிக்கிறா பஞ்சவர்ணம். "மதினி, மதினி"ங்கிறா. நான் காதைப் பொத்திக்கிட்டு, "எதுவும் சொல்லாத, எதுவா இருந்தாலும் சாயங்காலம் வா"ன்னேன். அவ ஜன்னல் கம்பியைப் புடிச்சு ஆட்டுறா.

"அண்ணனுக்கு நெஞ்சுவலி மதினி. ஆம்புலன்ஸ்ல மதுரைக்குக் கொண்டு போறாக."

எந்திரிச்சேன். எந்திரிக்கும்போது கையில ரிமோட்டு இருந்துச்சு. ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டனை அமுக்கினேன், ரிமோட்டைக் கீழ வச்சேன், செருப்புக்கூட மாட்டாம ஓடினேன். நடந்தது இவ்வளவுதான். இவ்வளவுதான் நடந்தது.

இதை ஜன்னல்ல நின்னு பார்த்தாளே அவ. என்ன சொன்னா தெரியுமா? செருப்பில்லாம ஓடினதைச் சொல்லலை. "புருசன் சாகக் கிடக்கான்னு சொல்றேன், நிதானமா பாஸ் பண்ணி வச்சுட்டு வாரா"ன்னு சொன்னா. பரமக்குடியில இருக்கிற எங்க சித்தி வரைக்கும் போய்ச் சேர்ந்துருச்சு. அருப்புக்கோட்டையில கட்டிக்கொடுத்த எம்மக போன் பண்ணி, "நெசமாவாம்மா"ங்கிறா. நான் கேட்குறேன், நிறுத்தாம அப்படியே ஓட விட்டுட்டுப் போயிருக்கணுமா? அடுப்புல பால் இருந்தா அடுப்பை அணைச்சுட்டுத்தானே போவோம். அதுக்கு யாராவது ஒரு சொல் சொல்லுவாகளா? அடுப்புன்னா சரி, டிவின்னா பொம்பளைக்கு நெஞ்சுல ஈரம் இல்ல. என்ன நியாயம் இது.

மதுரையில போய்ப் பார்த்தா மூக்குல குழாய், கையில ஊசி. அடைப்பாம். கம்பிவலை மாதிரி ஒண்ணு உள்ள வச்சாங்க. ஆபரேசன் தியேட்டர் வாசல்ல நானும் பஞ்சவர்ணமும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருக்கோம். அந்த நேரத்துல ஆரம்பிக்கிறா.

"அண்ணன் உன்கிட்ட வந்து சொல்லலையா மதினி?"

"சொல்லணும்னு வந்தாக."

"என்னன்னு கேட்டியா?"

"எனக்குக் கல்யாணமான நாள்லருந்து உங்கண்ணன் ஒண்ணு சொல்லணும்னு வந்து நின்னா ரெண்டே விஷயந்தான். ஒண்ணு வண்டிக்கு டயர் மாத்தணும், இல்லைன்னா உங்க வீட்டுக்குச் சீர் செய்யணும். நெஞ்சுவலின்னு நெத்தியில எழுதியிருந்துச்சா?"

அவ அழ ஆரம்பிச்சுட்டா. நான் அழலை. நானும் அழுதா அவ சொன்னதுதான் சரின்னு ஆயிரும்.

டாக்டர் வந்தாரு. நேரத்தோட கொண்டு வந்தீங்க, இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தா கஷ்டம்னாரு. பெறகு அவுக கண்ணு முழிச்சதும், "முதல் நாள்லருந்தே வலி இருந்திருக்கு, வீட்டுல ஏன் சொல்லலை"ன்னு டாக்டர் கேட்டாரு. அவுக என்னை ஒரு பார்வை பார்த்தாக. "வாயுன்னு நினைச்சுட்டேன் சார்"ன்னாக. கேட்டியா? அவுக வாயாலயே வந்துச்சு. வாயுன்னு நினைச்சிருக்காக. பஞ்சவர்ணமும் பக்கத்துலதான் நின்னா. அப்புறமும் என்னைச் சொன்னா நான் என்ன பண்றது.

ஆஸ்பத்திரியில இருந்த நாளெல்லாம் அந்த நாலு ஓவரை நான் தெரிஞ்சுக்கலை. அதையும் சொல்லிக் காட்டுறாக. பார்க்க வர்ற சொந்தக்காரங்ககிட்ட, "மேட்ச் பேச்சு மட்டும் வேண்டாம்"னு வாசல்லயே சொல்லி அனுப்புனேன். வார்டுல ஒரு டிவி உண்டு. அதுல என்னமோ ஓடும்போதெல்லாம் நான் வெளிய மாடிப்படியில போய் உட்கார்ந்துக்குவேன். ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, "புருசனை நினைச்சு அழுகுறியாம்மா"ன்னு கேட்டாக. "ஆமா"ன்னேன். என்னத்தைச் சொல்றது அவுகளுக்கு.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். வந்த அன்னைக்கே எல்லாரும் கூடிட்டாக. கோட்டைச்சாமி அண்ணன் பையில டெஸ்டர், ஸ்குரூ டிரைவரோட வந்திருக்காரு. யார்கிட்டயும் கேட்கலை. நேரா டிவிக்குப் பின்னாடி போய் வயரைக் கழட்டுறாரு.

"இந்தப் பெட்டி இந்த வீட்டுல இருக்கக்கூடாது தங்கச்சி. நான் ஒரு ஆளு பார்த்து வச்சிருக்கேன், எடுத்துக்கிறானாம்."

"அண்ணே, வயரை விடுங்க."

"மச்சான் உசுரு முக்கியமா, இது முக்கியமா?"

"அவுக உசுரைக் காப்பாத்துனீங்க, அதுக்கு நான் உங்க காலைத் தொட்டுக் கும்பிடுறேன். தப்பில்ல. ஆனா அது என் பெட்டி. என் கையால வாங்குனது. ராத்திரியில கல்லு முன்னாடி நின்னு வாங்குனது. அதுல கை வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது."

பஞ்சவர்ணம், எம்மக, பக்கத்து வீட்டுக்காரம்மா, எல்லாரும் என்னையே பார்க்குறாக. எம்மககூட "விடும்மா, போகட்டும்"ங்கிறா. எனக்குன்னு பேச ஒரு ஆளில்ல. இந்தப் பெட்டி போனா, அவுக சொன்னதெல்லாம் நெசம்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. கட்டில்ல சாய்ஞ்சிருந்தவுக, மெதுவாச் சொன்னாக.

"மாப்ளே, அந்த வயரை மாட்டுங்க."

அண்ணன் முழிக்கிறாரு. அவுக திரும்பவும், "மாட்டுங்க மாப்ளே"ன்னாக. மாட்டிட்டாரு. காபிகூடக் குடிக்காமக் கிளம்பிட்டாக.

எல்லாரும் போனப்புறம் அவுக கேட்டாக, "அந்த நாலு ஓவர் இருக்கா?"

"இருக்கு."

"போடு. நானும் பார்க்கலையில்ல."

போட்டேன். விட்ட இடத்துலருந்து ஓட்டவான்னு பெட்டியே கேட்டுச்சு. அவுக கட்டில்ல, நான் கீழ. ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரு மேட்ச்சைப் பார்க்குறது அதுதான் முதல் தடவை, நம்புவியா? அவுக பார்த்த காலத்துல நான் கல்லு முன்னாடி, நான் பார்க்குற நேரத்துல அவுக வண்டியில. முதல் ஓவர்ல ஒரு ஃபோரு. அவுக அசையலை. அடுத்த ஓவர்ல நம்ம ஆளு தூக்கி அடிச்சான், பந்து மேல போகுது, நான் மூச்சைப் புடிச்சுக்கிட்டு அவுகளைத் திரும்பிப் பார்க்குறேன், அவுக கண்ணை மூடிட்டாக. பந்து இன்னும் கீழ வரலை தாயி. வர்றதுக்கு முன்னாடியே மூடிட்டாக. பிடிச்சுட்டான். அவுட்டு.

அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இவுகளுக்கு முடிவு தெரியும்.

அப்புறம் நான் டிவியைப் பார்க்கலை. மிச்ச ஓவரெல்லாம் அவுக மூஞ்சியைத்தான் பார்த்தேன். அது ஒரு மூஞ்சியா, கல்லு. தாடையை இறுக்கிக் கடிச்சுக்கிட்டு, ஒரு சின்ன சுளிப்புக்கூட வராமப் பார்த்துக்கிறாக. இளைச்சுப் போயிருந்தாக. கழுத்தெலும்பு தெரிஞ்சுச்சு. நான் அதைக் கவனிக்கவே இல்லை, அத்தனை நாள் பக்கத்துலயே இருந்திருக்கேன். கடைசிப் பந்துல தோத்துட்டோம். அதுவும் கேட்ட சத்தத்துல தெரிஞ்சதுதான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமில்ல?"

"பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிட்டாரு. கண்ணு முழிச்ச அன்னைக்கே."

"ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

"நீ பார்க்கணும்னு வச்சிருந்தியேன்னுதான்"ன்னாக.

பார்த்துக்க. நெஞ்சுல கம்பி வச்சுக்கிட்டுப் படுத்திருந்த மனுசன். பக்கத்துக் கட்டிலுக்கு வர்றவன் போறவனெல்லாம் அதையே பேசுறான். அப்பவும் எனக்காக வாயை மூடிக்கிட்டு இருந்திருக்காக. அவுககிட்ட ஒண்ணு உள்ள போயிட்டா வெளிய வராது. அப்படிப்பட்ட ஆளு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? இந்தப் பெட்டியால எங்க குடும்பம் கெட்டுப்போச்சுன்னு பேசுறாகளே, அவுக வீட்டுல எல்லாம் நாள் பூராம் பேசிக்கிட்டுத்தான் இருக்காக. என்ன கிழிச்சாக?

சட்டத்தை நான் எடுக்கலை. எடுக்கவும் மாட்டேன். ஒரே ஒரு திருத்தம். உடம்புக்கு ஏதாவதுன்னா கையைத் தூக்கணும்னு சொல்லியிருக்கேன். பேச வேண்டாம், கையைத் தூக்கினாப் போதும், நான் நிறுத்திட்டு வருவேன். நான் மாறிட்டேன்னு பஞ்சவர்ணம் சொல்லிக்கிட்டுத் திரியுறா. இதுல மாற என்ன இருக்கு. நிறுத்துறதுக்குத்தானே அந்தப் பட்டனை வச்சிருக்கான்.

போன வாரம் ஒரு மேட்ச். அவுக இப்ப வண்டிக்கு ஆள் போட்டுட்டு வீட்டுலதான் இருக்காக. நல்ல கட்டம். ரன் அவுட்டா இல்லையான்னு மேல உட்கார்ந்திருக்கிற அம்பயர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கிட்டிருக்கான், இவுக கையைத் தூக்குறாக. அடுத்த நொடி பாஸ். ரிமோட்டு எங்க விழுந்துச்சுன்னே தெரியலை. போய் நெஞ்சைத் தொடுறேன், முதுகைத் தடவுறேன், மாத்திரை எங்க, அந்த நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை, அதைத் தேடுறேன்.

"ஒண்ணுமில்ல ராக்கு"ங்கிறாக.

"பெறகு எதுக்குக் கையைத் தூக்குனீங்க?"

"தூக்குனா வர்றியான்னு பார்த்தேன்."

சொல்லிட்டுச் சிரிக்கிறாக. எனக்கு வந்துச்சு பாரு கோவம். மனுசன் செய்யுற காரியமா இது? "வந்தேனா இல்லையா? வந்தேன்ல? இதை உங்க தங்கச்சிகிட்ட போய்ச் சொல்லுங்க, அண்ணன்கிட்ட சொல்லுங்க, பரமக்குடிக்குப் போன் போட்டுச் சொல்லுங்க"ன்னு கத்தினேன்.

சொல்லியிருப்பாகங்கிற? ம்ஹும். அவுக எங்க சொல்லப்போறாக.